மாரத்தான் வேடிக்கை: ரோட்டோரம் நிற்பதில் என்ன இருக்கிறது?

மார்ச் 30, 2025 (ஒரு வாசகியின் கேள்வி)

பாஸ்டனுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. ஏப்ரல் 21 அன்று மாரத்தான், ஊரே ரோட்டில் போய் நிற்கும் என்கிறார்கள். என் கணவரும் போகலாம் என்கிறார். ஆறு வயதுப் பையன் இருக்கிறான். முன்பின் தெரியாத ஆட்கள் மூச்சிரைக்க ஓடுவதை மணிக்கணக்கில் நின்று பார்ப்பதில் என்ன இருக்கிறது? டிவியில்தான் முழுதும் காட்டுகிறார்களே. போனவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

மார்ச் 30, இரவு

ஒன்றும் இல்லை. உண்மை கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

பந்தயம் பார்க்க வேண்டுமானால் டிவிதான். முதலில் வருபவர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வருவார். நீங்கள் நிற்கும் இடத்தில் ஐம்பது மீட்டர் ரோடு கண்ணுக்குத் தெரிந்தால், அவர் பத்து நொடி தெரிவார். அந்தப் பத்து நொடியிலும் முன்னால் நிற்கும் ஒருவர் போனைத் தூக்கிப் பிடிப்பார். யார் யாரை எங்கே முந்தினார்கள், யார் வலியை மறைத்தார்கள், எதுவும் தெரியாது.

இருந்தும் 2018 முதல், ஓட்டம் நடந்த ஒரு வருஷமும் விடாமல் போகிறேன். ஏன் என்று நாளை எழுதுகிறேன். பாத்திரம் கிடக்கிறது.

மார்ச் 31

2018 ஜனவரியில் தனியாக வந்து சேர்ந்தேன். புரூக்லைனில் பீக்கன் தெருவுக்கு இரண்டு சந்து தள்ளி ஓர் அறை. ஏப்ரல் 16, திங்கட்கிழமை, அலுவலகம் விடுமுறை. ஏன் என்று கேட்டதற்கு ‘பேட்ரியட்ஸ் டே’ என்றார்கள். சுதந்திர தினம் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். (1775 ஏப்ரல் 19இல் லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் பிரிட்டிஷ் படையோடு நடந்த முதல் சண்டையின் நினைவு. மாசசூசெட்ஸில் ஏப்ரல் மூன்றாம் திங்கள் அதற்கு விடுமுறை. மாரத்தானும் அன்றுதான்.)

எழுந்தால் வீட்டில் பால் இல்லை, தயிர் இல்லை. வெளியே கொட்டும் மழை, மூன்று நான்கு டிகிரி குளிர், காற்று எதிரிலிருந்து அறைகிறது. கடை பீக்கன் தெருவுக்கு அந்தப் பக்கம். போனால் ரோட்டை மறித்துத் தடுப்பு. நல்ல கூட்டம். போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். அப்போதுதான் ஒரு பெண், மேலே மழை ஜாக்கெட்டோடு, முன்னும் பின்னும் ஆளில்லாமல் ஓடிவந்தார். கூட்டம் கத்தியது பாருங்கள், குடை நடுங்கியது. அவர் போனதும் போலீஸ்காரர் எங்களை அந்தப் பக்கம் விட்டார்.

பால் வாங்கித் திரும்பினால் விடவில்லை. இப்போது ஓட்டக்காரர்கள் திரளாக வரத் தொடங்கிவிட்டார்கள், இடைவெளியே இல்லை. கையில் பால் கேன், தயிர் டப்பா. ஒரு கடை வாசலில் ஒதுங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். பக்கத்தில் ஒரு பாட்டி, எழுபது வயதுக்குக் குறையாது, கையில் மணி வைத்து ஆட்டிக்கொண்டே இருந்தார். கை வலித்ததோ என்னவோ, என் பக்கம் நீட்டி ‘நீ ஆட்டு’ என்றார்.

அப்படித்தான் நான் மாரத்தான் பார்வையாளன் ஆனேன். வீட்டுக்குப் போக வழியில்லாமல்.

மறுநாள் செய்தியில் படம் பார்த்தேன். ஜாக்கெட் போட்டு ஓடியவர்தான் பெண்களில் முதலாவதாக வந்த டெசிரே லிண்டன். 1985க்குப் பிறகு பாஸ்டனில் ஜெயித்த முதல் அமெரிக்கப் பெண். ஆண்களில் ஜெயித்தவர் யூகி கவாவுச்சி, ஜப்பானில் சைதாமா என்ற ஊரில் அரசு அலுவலக ஊழியர். பெண்களில் இரண்டாவதாக வந்தவர் அரிசோனாவில் முழுநேர நர்ஸ். அவர் பெயர் அன்று காலை வரை யாருக்கும் தெரியாது. அன்று ஃபென்வே மைதானத்தில் நடக்க இருந்த பேஸ்பால் ஆட்டத்தை மழைக்காகத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஓட்டத்தைத் தள்ளிவைக்கவில்லை.

ஏப்ரல் 1

விட்டுப்போன ஒன்று. அந்த மணி மாட்டு மணி. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, இங்கே பெயரே அதுதான். எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். மாட்டுப் பொங்கலுக்குக் கழுத்தில் கட்டிவிட்டால் தெருவெல்லாம் கேட்கும், அதே சத்தம். அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம், மழையில், தயிர் டப்பாவோடு நின்று மாட்டு மணி ஆட்டுவேன் என்று யார் கண்டார்.

அன்று இன்னொன்றும் நடந்தது. இங்கே வந்து மூன்று மாதத்தில் நான் உரக்க ஒரு வார்த்தை பேசியதில்லை. கடையில், ரயிலில், அலுவலகத்தில் எல்லாம் ‘சாரி’, ‘எக்ஸ்கியூஸ் மீ’, அதுவும் பாதிக் குரலில். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்களோ என்ற பயம். ஓடிவந்த ஒருவர் முழங்கையில் கறுப்பு மையில் ‘டேவ்’ என்று எழுதியிருந்தார், மழையில் பாதி அழிந்து. ‘டேவ்!’ என்று கத்தினேன். அந்த ஆள் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார். திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் ஏறக்குறைய இதுதான். ஆனால் ஏழு வருஷத்தில் வேறு சிலதும் சேர்ந்துவிட்டன.

ஏப்ரல் 3

எங்கே நிற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். போவதாக முடிவாகிவிட்டது போல.

ஆறு வயதுப் பையனோடு முடிவுக்கோடு பக்கம் போகாதீர்கள். பாய்ல்ஸ்டன் தெருவில் பை சோதனை, நெரிசல், கழிப்பறைக்குப் போனால் இடம் போச்சு. காப்ளி ரயில் நிலையத்தையும் அன்று மூடிவிடுவார்கள். கென்மோர் சதுக்கமும் வேண்டாம். காலை 11 மணி பேஸ்பால் ஆட்டம் முடிந்து பீரும் கையுமாக ஒரு கூட்டம் அங்கே வந்து சேரும்.

நியூட்டனில் காமன்வெல்த் அவென்யூ நல்ல இடம். ஓரமெல்லாம் புல்தரை, பிள்ளைகள் ஓடி விளையாடலாம். ஓட்டக்காரர்களின் உயிரை வாங்கும் மேடுகள் அங்கேதான். கடைசி மேட்டுக்கு ‘ஹார்ட்பிரேக் ஹில்’ என்று பெயர், 20ஆவது மைல் தாண்டி வரும். பெயர் வந்தது 1936இல். ஜானி கெல்லி, முன்னால் போய்க்கொண்டிருந்த டார்சன் பிரவுனைப் பிடித்து, போகிற போக்கில் தோளில் தட்டிக் கொடுத்தாராம், ‘பரவாயில்லை தம்பி’ என்கிற மாதிரி. பிரவுனுக்கு ரோஷம் வந்துவிட்டது. முந்திப் போய் ஜெயித்தார். கெல்லியின் மனசு உடைந்த இடம் என்று பாஸ்டன் குளோப் நிருபர் எழுத, மேட்டுக்கு அதுவே பெயராகிவிட்டது. யாரையும் தட்டிக்கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும்.

நான் நிற்பது கூலிட்ஜ் கார்னரில், பச்சைத் தடத்தின் சி ரயில் போகும் பீக்கன் தெருவில். ஏறக்குறைய 24ஆவது மைல். ஒரு கைப்பை, எலுமிச்சை சாதம், மடக்கு நாற்காலி போதும்.

ஏப்ரல் 5

ஒரு திருத்தம். எழுதவே சங்கடமாக இருக்கிறது.

மார்ச் 31 குறிப்பைப் படித்த ஒருவர் கேட்டார்: ‘லிண்டன் உங்கள் இடத்தைத் தாண்டியபோது மணி எத்தனை?’ சும்மா கேட்டாரோ, சந்தேகத்தில் கேட்டாரோ. கணக்குப் போட்டேன். முன்னணிப் பெண்கள் புறப்பட்டது ஒன்பதரைக்கு. அவர் ஓடி முடிக்க எடுத்தது 2 மணி 39 நிமிடம் 54 நொடி. அப்படியானால் கூலிட்ஜ் கார்னரைத் தாண்டும்போது பன்னிரண்டு மணி இருக்கும், கூடப் போனால் ஐந்து நிமிடம். பழைய மின்னஞ்சலைத் தோண்டிப் பால் வாங்கிய ரசீதை எடுத்தேன். 12:41.

கடையில் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது. நான் தெருவைக் கடந்தது பன்னிரண்டரைக்கு. அந்நேரம் லிண்டன் பரிசு வாங்கத் தயாராகிக்கொண்டிருந்திருப்பார்.

ஆக, ஏழு வருஷமாக நான் ‘பார்த்தேன் பார்த்தேன்’ என்று அலுவலகத்திலும் கல்யாண வீட்டிலும் சொல்லித் திரிந்தது வேறு யாரோ ஒரு பெண்ணை. மழை ஜாக்கெட் போட்ட யாரோ.

ஏப்ரல் 5, மறுபடி

அந்தக் கூட்டம் கத்தியது மட்டும் நிஜம். முதலாவதாக வருபவர் என்று நினைத்து அவர்கள் கத்தவில்லை, அவர்களுக்குத் தெரியாதா என்ன. யாரென்று தெரியாத ஒருத்திக்குத்தான் குடை நடுங்கக் கத்தினார்கள். இதை யோசித்ததும் ரசீதைப் பார்த்த எரிச்சல் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான்.

ஏப்ரல் 8

2023இல் அம்மா வந்திருந்தார். ஏப்ரல் 17, தூறல். அந்த வருஷம் எலியுட் கிப்சோகே முதல்முறையாக பாஸ்டனில் ஓடினார். உலகத்திலேயே பெரிய ஓட்டக்காரர் என்று இரண்டு நாளாக அம்மாவிடம் பீற்றியிருந்தேன். முதலில் மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள்: செபெட், கியே, கிப்ருடோ. கிப்சோகே அதில் இல்லை. நியூட்டன் மேடுகளில் பின்தங்கிவிட்டார். அவர் வந்ததும் காட்டினேன்.

‘பெரிய ஆளுன்னியே. பின்னாடி வர்றாரு?’

‘இன்னிக்கு முடியலம்மா.’

‘பாவம். சாப்பிட்டாரோ என்னவோ.’

ஆறாவதாக முடித்தார், 2:09:23. அந்த நேரத்துக்கு ஓட உலகத்தில் பெரும்பாலான தேசிய வீரர்களுக்கே முடியாது என்று விளக்கினேன். அம்மா கேட்கவில்லை. அவர் கவனம் எதிர்ப்பக்கம் போய்விட்டது. அங்கே ஒரு குடும்பம், சின்னப் பிள்ளைகள் இரண்டு, தட்டில் ஆரஞ்சுப் பழத்தைக் கால் கால் துண்டாக நறுக்கி நீட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் ஒரு பையன் முகம் துடைக்கக் காகிதம். இது ஓட்ட ஏற்பாட்டாளர்கள் வைக்கிற தண்ணீர் மேசை இல்லை, வீட்டிலிருந்து தாங்களாகவே கொண்டுவந்தது.

‘இது நம்ம பாதயாத்திரை மாதிரில்ல இருக்கு’ என்றார் அம்மா.

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் வீடு திண்டுக்கல் பழனி ரோட்டு மேலேயே. தைப்பூசத்துக்கு நத்தம், திண்டுக்கல் வழியாக வரும் பழனி பக்தர்கள் எல்லாரும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்பா இருந்தவரை வாசலில் பந்தல் போட்டு நீர்மோர் கொடுப்பார். யார் எவர் என்று கேட்டதே இல்லை. பச்சை வேட்டியில் செருப்பில்லாமல் வருவார்கள், காலில் கொப்புளம், துணியைச் சுற்றிக்கொண்டு நடப்பார்கள். ‘இந்தா வந்துருச்சு, இன்னும் கொஞ்ச தூரந்தான்’ என்று அப்பா எல்லாரிடமும் சொல்லுவார்.

மதியம் அம்மா என்னை வீட்டுக்கு அனுப்பி ஃப்ரிட்ஜில் இருந்த ஆரஞ்சு எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னார். நறுக்கி, எவர்சில்வர் தட்டில் வைத்து நீட்டினார். முதல் இருபது பேர் எடுக்கவில்லை. அம்மா முகம் வாடிவிட்டது. அப்புறம் ஒரு பெண் ஒன்றை எடுத்து, கடித்து, வாயில் தோலோடு சிரித்துவிட்டுப் போனார். நாலு மணி வரை அம்மாவை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை.

ஏப்ரல் 9

அம்மா போனில் சிரிக்கிறார். தைப்பூசத்துக்கு யாராவது நீர்மோர் கொடுப்பார்களா, பனியில் நடந்து வருகிறவனுக்குச் சளி பிடிக்கவா என்று. கொடுத்தது சுக்குக் காப்பியாம். நீர்மோர் பங்குனி உத்திரத்துக்கு. சரி, திருத்திக்கொள்ளுங்கள். லிண்டன் விஷயத்துக்குப் பிறகு என் ஞாபகத்தின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

ஏப்ரல் 11

‘இன்னும் கொஞ்ச தூரந்தான்’ பற்றி. அதைச் சொல்லாதீர்கள். பையனுக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

நானும் நான்கு வருஷம் அதையேதான் கத்திக்கொண்டிருந்தேன். 2022இல் கூட வேலை பார்க்கும் ஒருவர் ஒரு தொண்டு நிறுவனத்துக்காகப் பணம் திரட்டி ஓடினார். மறுநாள் நொண்டிக்கொண்டு வந்தவரிடம் கேட்டேன், நாங்கள் கத்துவது உதவுகிறதா என்று. உதவுகிறது, ஆனால் 24ஆவது மைலில் ‘வந்துவிட்டது’ என்று சொன்னவர்களை அடிக்கக் கை வந்தது என்றார். இரண்டு மைலுக்கு மேல் பாக்கி. அவர் அன்று இருந்த நிலையில் அது இருபத்தைந்து நிமிடம். பீக்கன் தெருவில் வரும்போதே தூரத்தில் சிட்கோ என்ற பெட்ரோல் கம்பெனியின் விளம்பரப் பலகை தெரியும். அது கென்மோரில், இன்னும் ஒரு மைல் என்பதற்கு அடையாளம். ‘ஓட ஓட அது கிட்ட வரவே இல்லை. அந்த நேரம் பார்த்து நீங்கள் வந்துவிட்டது என்கிறீர்கள்.’

அப்பா சொன்னதை நினைத்துக்கொண்டேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனிக்கு முப்பது கிலோமீட்டருக்குக் கிட்டே. கொப்புளக் காலோடு வந்தவர்கள் மனசுக்குள் என்ன சொல்லியிருப்பார்களோ.

இப்போது பெயரை மட்டும் கத்துகிறேன். பெயர் தெரியாவிட்டால் சட்டை நிறம். ‘மஞ்சள் சட்டை, சூப்பர்!’ பொய் இல்லை, தூரமும் இல்லை.

ஏப்ரல் 11, சற்று நேரம் கழித்து

அந்த நண்பரை நான் பார்க்கவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓடுபவரின் எண் அட்டையோடு ஒரு சில்லு (சிப்) இருக்கும், 5 கிலோமீட்டருக்கு ஒருமுறை தரையில் விரித்திருக்கும் பாயை மிதிக்கும்போது நேரம் பதிவாகும், செயலியில் நாம் பார்க்கலாம். நான் செயலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். 40 கிலோமீட்டர் என்று வந்தது. நிமிர்ந்தால் ஆள் எப்போதோ போயாகிவிட்டது. அவரிடம் ‘நன்றாக ஓடினீர்கள்’ என்றேன். அவரும் ‘உங்கள் குரல் கேட்டது’ என்றார். இரண்டு பேரும் பொய்.

ஏப்ரல் 13

பயமில்லையா என்று வேறொருவர் கேட்கிறார், 2013ஐ மனதில் வைத்து. நான் அப்போது இங்கே இல்லை, கேட்டுத் தெரிந்ததுதான்.

ஏப்ரல் 15, பிற்பகல் 2:49. முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு குண்டுகள். இறந்த மூன்று பேரும் ஓடியவர்கள் இல்லை, நின்று பார்த்தவர்கள். ஒருவன் எட்டு வயதுப் பையன். ஒருவர் சீனாவிலிருந்து பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த மாணவி. பாய்ல்ஸ்டன் தெருவில் இரண்டு இடங்களில் கல் தூண்களோடு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். பார்க்கத் தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

அந்த மாணவியை அவ்வப்போது நினைப்பேன். நம்மைப் போலத்தான், வெளியூர். லீவு நாள், ஊரே போகிறது, நாமும் போவோம் என்று போயிருப்பார்.

பயம் இருக்கிறதா என்றால், நான் கூலிட்ஜ் கார்னரில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. எலுமிச்சை சாதம், கழிப்பறை என்று மேலே காரணம் அடுக்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 16

கனத்துப் போய்விட்டது. வேறு பேசுவோம்.

பாஸ்டன் மாரத்தான் பார்வையாளர்களில் பேர் எடுத்தவர் ஸ்பென்சர். நாய். ஆஷ்லாந்தில் ரோட்டோரம் வாயில் கொடியோடு உட்கார்ந்திருக்கும். 2018 மழையில் அசையாமல் உட்கார்ந்திருந்த படம் உலகம் சுற்றியது. 2022இல் அதை மாரத்தானின் அதிகாரபூர்வ நாய் என்று அறிவித்தார்கள். அடுத்த வருஷம் இறந்துபோனது, இப்போது அங்கே சிலை. அதே மழையில் நானும்தான் நின்றேன், பால் கேனோடு. சரி விடுங்கள்.

பார்த்துக்கொண்டிருந்தே முதல் பரிசு வாங்கியவரும் உண்டு, ரோசி ரூயிஸ், 1980. கடைசி ஒரு மைலுக்குள் கூட்டத்திலிருந்து ரோட்டில் குதித்து ஓடி, பெண்களில் முதலாவது என்று மாலை போட்டுக்கொண்டார். முகத்தில் வியர்வை சரியாக இல்லை என்று சந்தேகம். காமன்வெல்த் அவென்யூவில் நின்றிருந்த ஹார்வர்டு மாணவர்கள் இரண்டு பேர், அவர் கூட்டத்திலிருந்து வந்ததைப் பார்த்தோம் என்றார்கள். பட்டம் பறிபோய், கனடாவின் ஜாக்குலின் கரோவுக்குப் போனது. அது நடந்தது ஏப்ரல் 21. இந்த வருஷமும் ஏப்ரல் 21. சும்மா நின்று வேடிக்கை பார்க்கிறவன் என்று யாராவது ஏளனம் செய்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். சாட்சி நாம்தான்.

இன்னொருவர் பாபி கிப். 1964இல் அப்பாவோடு போய் வேடிக்கை பார்த்தார். பார்த்ததும் ஓட வேண்டும் போலிருந்தது. பெண்களை அப்போது சேர்ப்பதில்லை. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1966இல் புறப்படும் இடத்தில் புதருக்குள் ஒளிந்திருந்து, பாதி ஆண்கள் போனதும் வெளியே வந்து ஓடி, 3:21:40இல் முடித்தார். பெண்களை முறையாகச் சேர்த்தது 1972இல்தான்.

எனக்கும் ஓட வேண்டும் போல இருந்ததா என்றால், இல்லை. 2019இல் ஒருமுறை ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் சேர்ந்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஏப்ரல் 20

நாளைக்கு: ஒன்பதே காலுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன், வேண்டாம், பையன் அலுத்துவிடுவான். சக்கர நாற்காலி வீரர்கள் கூலிட்ஜ் கார்னருக்குப் பத்தேகாலிலிருந்து பத்தரைக்குள் வருவார்கள். அதைத் தவறவிடாதீர்கள், பையனுக்குப் பிடிக்கும். மூன்று சக்கர வண்டி, ஆள் முழங்காலில் குனிந்து, கண்ணிமைக்குள் போய்விடும். பாப் ஹால் 1975இல் முதன்முதலில் அனுமதி வாங்கி, மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால் சான்றிதழ் என்ற நிபந்தனையில் 2:58க்கு வந்தார், இது ஐம்பதாவது வருஷம். போன வருஷம் மார்செல் ஹுக் நியூட்டனில் தீயணைப்பு நிலையத் திருப்பத்தில் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தார். நிமிர்ந்து, ஓட்டி, 1:15:33இல் பாஸ்டன் சாதனையும் செய்தார். மோதியதை நான் பார்க்கவில்லை. டிவி பார்த்தவர்கள் பார்த்தார்கள். உங்கள் முதல் கேள்விக்கு அது ஒரு நல்ல வாதம்தான்.

பதினொன்றரைக்கு ஆண்கள், பன்னிரண்டுக்குச் சற்று முன் பெண்கள். அதெல்லாம் முடிந்து ‘அவ்வளவுதானா’ என்று கிளம்பிவிடாதீர்கள். மதியம் இரண்டிலிருந்து நாலு வரைதான் நமக்கு வேலை. அந்நேரம் வருபவர்களுக்குக் கூட்டம் மெலிந்திருக்கும், கால் ஓய்ந்திருக்கும். கத்த ஆள் வேண்டும்.

ஏப்ரல் 21, காலை

டெசிரே லிண்டன் இன்று காலை அறிவித்திருக்கிறார்: தொழில்முறை வீரராக இதுவே தன் கடைசி மாரத்தானாம்.

மணியை எடுத்து வைத்துவிட்டேன். இந்தத் தடவை பால் வாங்கப் போவதாக இல்லை.

ஏப்ரல் 21, இரவு

தொண்டை போய்விட்டது, அதனால் எழுத்து மட்டும்.

நல்ல வெயில், மெல்லிய ஜாக்கெட் போதுமாயிருந்தது. ஜான் கோரிர் தனியாக வந்தார், பின்னால் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. புறப்பட்ட இடத்திலேயே தள்ளுமுள்ளில் விழுந்து, எண் அட்டை கிழிந்து, அதைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடினாராம், அப்புறம்தான் தெரிந்தது. 2:04:45. அவர் அண்ணன் வெஸ்லி 2012இல் ஜெயித்தவர். பெண்களில் லொகேடியும் ஒபிரியும் ஒட்டினாற்போலப் போனார்கள். போன வருஷம் ஒபிரி முதலாவது, லொகேடி எட்டு நொடியில் இரண்டாவது. இன்று மாறிவிட்டது. லொகேடி 2:17:22, பழைய பாஸ்டன் சாதனை 2:19:59.

பன்னிரண்டு மணி ஆனதிலிருந்து யார் முகத்தையும் விடவில்லை. மனைவி ‘அதோ, அதோ’ என்று மூன்று தடவை சொல்லி மூன்றும் வேறு ஆள். அப்புறம் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பிள்ளைகள் ‘டெஸ்! டெஸ்!’ என்று கத்தத் தொடங்கினார்கள். வந்தார். சின்ன உருவம். எந்த அவசரமும் இல்லாத மாதிரி ஓட்டம். மணியை ஆட்டினேன், பெயரைக் கத்தினேன். எங்கள் பக்கம் திரும்பவில்லை. பத்து நொடி கூட இல்லை. பதினேழாவதாக முடித்தாராம்.

ஏழு வருஷம் கழித்து நிஜமாகப் பார்த்தேன். நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன், யாராவது ரசீது கேட்டால் காட்ட.

ஏப்ரல் 22

மறந்துவிட்டேன். மூன்று மணி போல ‘சென்னை’ என்று பெரிய எழுத்தில் போட்ட பனியனோடு ஒருவர் வந்தார். என்னை அறியாமல் ‘வாங்க வாங்க, விடாதீங்க, அப்படித்தான்!’ என்று தமிழில் கத்தினேன். திரும்பவே இல்லை. காதில் இயர்போன். கூடவே ஓடிவந்த வெள்ளைக்காரர் திரும்பி எனக்குக் கையாட்டிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 23

உங்கள் செய்தி பார்த்தேன். பையன் சக்கர நாற்காலிகளைப் பார்த்துவிட்டுப் பத்தே நிமிடத்தில் வீட்டுக்குப் போகலாம் என்று அழுதது, பிறகு ஐஸ் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தது, மூன்று மணிக்குக் கிளம்ப மாட்டேன் என்று அழுதது, எல்லாம் சரி. முதல் வருஷம் அப்படித்தான் இருக்கும். உங்கள் கணவர் ‘ஆல்மோஸ்ட் தேர்’, அதாவது அதே ‘வந்துவிட்டது’, என்று கத்தியதை மன்னிக்கலாம். ஒரு வருஷம் மட்டும்.

ஏப்ரல் 26

மணி எங்கே வாங்கியது என்று பையன் கேட்கிறானாம். அம்மாவிடம் கேட்டேன். அப்பா மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போனபோது வாங்கிவந்தது; வெண்கலம், எடை போட்டுத்தான் கொடுப்பார்களாம். 2023இல் அம்மா பெட்டியில் புளிக்காய்ச்சலுக்கும் வடகத்துக்கும் நடுவே புடவையில் சுற்றிக் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து, இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. எடுத்து ஆட்டிக் காட்டினாராம்.